பாட்டில் சட்டையும் பயர் ஆபீஸும்

ஆலங்குளம், வெம்பக்கோட்டை, சாத்தூர் பக்கம் பட்டாசு ஆலையை 'பயர் ஆபீஸ்' என்பார்கள். வெடிமருந்து அறைக்குள் போகிறவர் பருத்திதான் உடுத்த வேண்டும் என்பது அங்கே பாதுகாப்பு விதி. பாலியஸ்டர் உடம்பில் உரச உரச நிலைமின்சாரம் சேரும். அலுமினியப் பொடியும் கந்தகமும் வெடியுப்பும் கலந்த மருந்துக்குக் கண்ணில் படாத ஒரு பொறி போதும். தீப்பிடித்தாலோ அந்தத் துணி உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

அதே பாலியஸ்டர் மறுசுழற்சி முத்திரையோடு வந்தால் நல்ல துணி என்று பெயர் வாங்குகிறது. 2023 பிப்ரவரியில் பிரதமர் மோடி பிளாஸ்டிக் பாட்டிலிலிருந்து உருவான மேல்சட்டையோடு நாடாளுமன்றத்துக்கு வந்தார். துணி கரூரில் தயாரானது. பாட்டிலைக் கழுவி, சீவலாக நறுக்கி, உருக்கி, இழையாக இழுக்கிறார்கள். கச்சா எண்ணெயிலிருந்து புதிதாகச் செய்வதைவிட இதற்கு எரிசக்தி குறைவு. அந்த அளவில் இது நிஜமான லாபம்தான்.

ஆனால் பாட்டிலை மறுபடி பாட்டிலாக்கலாம். சட்டையான பிறகு அது மீண்டும் சட்டையாவது அபூர்வம். உலகில் பழைய துணி புதுத் துணியாவது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. துவைக்கும்போதெல்லாம் நுண்ணிழை கழன்று சாக்கடைக்குப் போவதும் நிற்பதில்லை, இழை எதிலிருந்து பிறந்திருந்தாலும். இதைவிடப் பெரிய கோளாறு வாங்குகிறவர் மனதில் இருக்கிறது. பாட்டில் சட்டைதானே என்று ஒன்றுக்கு இரண்டாக எடுப்பவர் மிச்சம் பிடித்ததை அங்கேயே செலவழித்துவிடுகிறார்.

பருத்தியும் பத்தரை மாற்றுத் தங்கமல்ல. ஒரு டி-ஷர்ட்டுக்குச் சுமார் 2,700 லிட்டர் தண்ணீர் என்பது உலகக் கணக்கு. கரிசலில் மானாவாரியாக விளையும் பஞ்சுக்கு அது அப்படியே பொருந்தாது என்பது வேறு விஷயம். பூச்சிமருந்து தனிக்கதை.

ஆக, எந்தத் துணி நல்லது என்று பொதுவில் தீர்ப்புச் சொல்ல வழியில்லை. பள்ளிக்கூடப் பை, குடை, மழைக்கோட்டு என்று வருடக்கணக்கில் உழைக்கிற, அடிக்கடி துவைக்காத சாமான்களுக்கு மறுசுழற்சி இழை பொருந்தும். மருந்து அறைக்கு எந்தப் பாலியஸ்டரும் ஆகாது. அங்கே வேலைக்குப் போகும் பெண்ணுக்குச் சந்தையில் மலிவாகக் கிடைப்பதோ சிந்தெடிக் சேலை. மாதக்கணக்கில் உழைக்கும், துவைத்தால் சட்டென்று காயும், இஸ்திரி வேண்டாம். அதை உடுத்தாதே என்று மட்டும் சொன்னால் பாதுகாப்பின் செலவை அவள் கூலியிலிருந்து பிடிப்பதாகத்தான் ஆகும். மாற்றிக் கட்ட இரண்டு பருத்திச் சேலையும் மேலே போட ஒரு பருத்திச் சட்டையும் கொடுப்பதை, மருந்து வாங்குவதைப்போல ஆலையே தன் செலவில் எழுதிக்கொள்ள வேண்டும்.