அரை டெசிபல் நியாயம்

இரண்டு ஆம்ப்ளிஃபயர்களை மாற்றி மாற்றிக் கேட்டு எது நல்லது என்று சொல்வதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. இரண்டிலும் ஒரே டெஸ்ட் டோனை ஓடவிட்டு, ஸ்பீக்கர் டெர்மினல்களில் வோல்ட்மீட்டரை வைத்து, மின்னழுத்தத்தைச் சமன் செய்ய வேண்டும். வித்தியாசம் 0.1 டெசிபலுக்குள் வர வேண்டும் என்பார்கள். மின்னழுத்தத்தில் ஏறத்தாழ 1 சதவீதம்.

இவ்வளவு கறார் எதற்கு? அரை டெசிபல் கூடினால் ‘சத்தம் ஜாஸ்தி’ என்று நமக்குத் தோன்றாது. ‘இதுல பேஸ் நல்லா இருக்கு, குரல் தெளிவா இருக்கு’ என்றுதான் தோன்றும். பெல் ஆய்வகத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இல் காட்டியபடி, சத்தம் குறையக் குறைய, தாழ்ந்த ஒலிகள்தான் காதுக்கு அதிகம் மங்குகின்றன.

என்னைத் தொந்தரவு செய்வது, இங்கே யாரும் பொய் சொல்லவில்லை என்பதுதான். கேட்டவருக்கு நிஜமாகவே நன்றாகக் கேட்டது. அனுபவம் உண்மை, அதற்குச் சொன்ன காரணம் தப்பு. அப்படியென்றால் ‘மனசாட்சிப்படிதான் சொல்றேன்’ என்பது போதாது. மனசாட்சி விழிக்கும் முன்பே காது ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது.

ஆபீஸ் மீட்டிங்கில் இரண்டு பேர் ஏறக்குறைய ஒரே யோசனையைச் சொல்கிறார்கள். கணீரென்று பேசியவருடையது ‘தெளிவா இருக்கு’. தயங்கிப் பேசியவருடையது ‘இன்னும் யோசிக்கணும்’. அங்கே வைக்க வோல்ட்மீட்டர் கிடையாது. அதனால் முடிவெடுக்கும் முன், இரண்டையும் பெயரில்லாமல் ஒரே அளவு வரிகளில் எழுதித் தரச் சொல்கிறேன். சமன் செய்தபின் வித்தியாசம் மறைந்தால் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருக்கிறது. மறையாமல் நின்றால், அதை நம்பலாம்.