மறைத்து வைத்த அறை

கலைஞன் ஒருவன் தான் படைத்ததைப் பிறர் காணாது வைத்திருப்பானாயின், அஃது அவனது உரிமையா, அன்றிக் கடமை தவறியதாகுமா? ஜேர்மனிய ஓவியர் அடொல்ப் மென்செலின் (1815-1905) வாழ்வை நோக்குவோர் இவ்வினாவை எளிதிற் கடந்து செல்லல் இயலாது.

மென்செல் பிரெஸ்லோ நகரிற் பிறந்தவர். பின்னர் குடும்பத்துடன் பேர்லினுக்குக் குடிபெயர்ந்தார். கல்லச்சுத் தொழில் நடத்திய தந்தையார் 1832இல் இறந்தபோது, தாயையும் உடன்பிறந்தாரையும் காக்கும் பொறுப்பு பதினாறு வயதுச் சிறுவனின் தலையில் விழுந்தது. பிரஷ்ய மன்னன் இரண்டாம் பிரெடெரிக்கின் வரலாற்று நூலொன்றிற்கு அவர் வரைந்த ஏறத்தாழ 400 சித்திரங்களே அவருக்குப் பெயர் தேடித் தந்தன. மன்னன் புல்லாங்குழல் இசைக்கும் காட்சியைக் கொண்ட பேரோவியம் 1852இல் நிறைவுற்றது. அரசவையும் மக்களும் அறிந்த மென்செல் இவரே.

ஆனால், 1845இல் அவர் தமக்கென ஓர் அறையைத் தீட்டியிருந்தார். இரண்டடி உயரமுமில்லாத சிறிய படம். பலகணி வழியே புகும் காற்றில் மெல்லிய திரை அசைகின்றது. தரையில் வெயில் விழுந்து கிடக்கின்றது. ஒன்றையொன்று பாராது இரு நாற்காலிகள் நிற்கின்றன. ஆள் எவருமில்லை. கண்ணாடியில் தெளிவாகத் தெரியும் சாய்விருக்கை, அறையினுள்ளே வெறும் நிறத்தீற்றலாய் மங்கி நிற்கின்றது. 1847இல் வரைந்த பேர்லின்-பொட்ஸ்டாம் இருப்புப்பாதை நிலக்காட்சியும் இத்தகைய சுதந்திரமான கையின் ஆக்கமே. பலகணி அறையைப் பேர்லின் தேசிய கலைக்கூடம் வாங்கியது 1903இல். அரை நூற்றாண்டிற்கு மேலாக அப்படம் பொதுமக்கள் கண்ணிற் படாதிருந்தது.

அவர் இறந்தபின் திறனாய்வாளர் சிலர் இச்சிறு படங்களே உண்மையான மென்செல் என்றும், ஏனையவை அரசுக்காக விற்கப்பட்ட திறமை என்றும் கூறலாயினர். இத்தீர்ப்பு நேர்மையானதன்று. குடும்பத்தைக் காத்த உழைப்பைப் பொய்யெனத் தள்ளுவது, பசியை அறியாதோர் எளிதிற் செய்யக்கூடியது. மேலும், 1874இற் பாரிசில் எழுந்த மனப்பதிவு ஓவியர்க்கு முன்னோடி என்பதற்காகவே அவ்வறையைப் போற்றுவதும் அதனை உள்ளபடி காண்பதாகாது. அறையை மறைத்ததால் எவர்க்கும் தீங்கு நேரவில்லை. அஃது அவருக்கே உரியதாயிருந்தது.

இவ்விடத்தில் வேறொரு மறைப்பும் நினைவிற்கு வருகின்றது. அதனை இவ்வாறு மன்னித்தல் கடினம். 1866இல், கொனிக்கிரேட்ஸ் போரின் பின்னர், மென்செல் பொஹீமியாவிற்குச் சென்றார். களஞ்சியமொன்றில் வைக்கோலின்மேற் கிடந்த இறந்த வீரரை அருகிருந்து வரைந்தார். வீரத்தின் சாயல் எதுவும் அத்தாள்களில் இல்லை; விறைத்த உடல்களே உண்டு. போர்வெற்றிகளைச் சித்திரித்துப் புகழடைந்த அதே கை, போர் இன்னதென்று அங்கே கண்டுகொண்டது. ஆயினும், கண்டதைப் பேரோவியமாக்கி மக்கள்முன் அவர் வைத்தாரில்லை. அறை ஒருவனுக்குச் சொந்தமாகலாம். இறந்தோரின் முகம் அவ்வாறு ஆகுமோ?

அவர் முற்றாக மௌனியாயிருந்தார் எனவும் கூறுதற்கில்லை. அதன்பின் போர்க்களக் காட்சி எதனையும் அவர் ஓவியமாக்கவில்லை. 1870இல் மன்னர் வில்லியம் போர்முனைக்குப் புறப்பட்டதை மறு ஆண்டு தீட்டியபோது கொடிகளையும் ஆரவாரிக்கும் கூட்டத்தையும் காட்டினார். வண்டியில் மன்னரின் அருகே அமர்ந்திருக்கும் அரசி, கைக்குட்டையால் முகத்தை மூடியிருக்கின்றாள்.