ஓராண்டு உரிமமும் மூன்று தலைமுறை மரமும்

மரம் வைத்தவன் தண்ணீர் வார்ப்பான் என்பர். இறைவனைக் குறித்துச் சொன்னது அது. மனிதனுக்குப் பொருத்துவதாயின், வைத்தவன் அந்நிலத்தில் எத்தனை நாள் இருப்பான் என்று முதலில் கேட்டாக வேண்டும்.

பிரிஞ்சாங் வட்டாரத்துக் காய்கறி விவசாயிகளுள் பலர், பல்லாண்டுகள் தற்காலிக நில உரிமத்தில் பயிரிட்டவர்கள். 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டப்படி அவ்வுரிமம் அந்தந்த ஆண்டின் இறுதியோடு முடிவடையும், புதுப்பித்தால்தான் தொடரும். பிறருக்கு மாற்றித் தர இயலாது. உரிமம் பெற்றவர் மறைந்தால் உரிமமும் மறையும். இந்நிலையில் அவர் எதை நடுவார்? முட்டைக்கோசு சில மாதங்களில் காசாகும். மரமோ மகன் காலத்தில் பயன் தருவது. மகனுக்கோ அந்நிலத்தில் பாத்தியதை இல்லை. அவரைப் பேராசைக்காரர் என்று ஏசுவது எளிது. ஏசுவோர் அவருடைய உரிமத்தாளை ஒருமுறை படித்திருக்கலாம்.

பின்லாந்தில் பாதிக்கு மேற்பட்ட காடு தனியார் குடும்பங்களின் உடைமை. பாட்டன் வளர்த்த பைன் மரத்தைப் பேரன் வெட்டுகிறான். சுவீடனோ உடைமையுணர்வை மட்டும் நம்பியிராமல், வெட்டியவர் மீண்டும் காடு வளர்க்க வேண்டுமென 1903இலேயே சட்டம் செய்தது.

எனினும், நிலம் நிரந்தரமாகக் கிடைத்தாலும் ஒரு சிக்கல் எஞ்சும். மரமிழந்த சரிவின் மண் பெர்த்தாம் ஆற்றோடு இறங்கி ரிங்லெட் நீர்த்தேக்கத்தைத் தூர்த்தது. 2013 அக்டோபர் 23 அன்று, பெருமழையில் சுல்தான் அபு பக்கார் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர், பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்களைக் கொண்டுபோயிற்று. மேட்டில் ஒருவர் காட்டை நிற்கவிட்டால் அதன் பயன் அப்பள்ளத்தாக்குக்குச் சேரும். அவருடைய கணக்கேட்டில் அது நட்டமாகவே ஏறும்.