பயமற்ற பொறுமை



தேனி மாவட்டத்து அய்யம்பட்டியிலும் பல்லவராயன்பட்டியிலும் சல்லிக்கட்டு பேர்போனது. வாடிவாசலைத் தாண்டிப் பாயும் காளையின் முன்னே நிற்கப் பழகிய வீரரும் தயங்குவர். அதே காளை வீடு திரும்பினால், அந்த வீட்டுச் சிறுபிள்ளை கயிற்றைப் பிடித்துத் தண்ணீர்த் தொட்டிக்குக் கூட்டிப்போகும். திமிலைத் தட்டும், கொம்பைத் தடவும். காளையோ தலையை அசைக்காமல் நிற்கும். கம்பத்தில் தம்பிரான் மாட்டுத் தொழுவில் பட்டத்துக் காளையையே சனங்கள் தெய்வமாக வணங்குகிறார்கள். அவ்வளவு பெரிய உடம்பில் அவ்வளவு சாந்தம்.

கொம்பு ஒன்றுதான். வாடியில் குத்துவதும் வீட்டில் குழையாமல் நிற்பதும் அதுவே. அப்படியானால் நடுவில் மாறுவது எது? கூச்சலும் கூட்டமும் காளையை மிரட்டுகின்றன. வீட்டில் அதற்கு மிரள ஒன்றுமில்லை. 2023 மே 27 அன்று அரிக்கொம்பன் யானை கம்பம் தெருக்களில் புகுந்தபோதும் சனங்கள் கூச்சலிட, அது மிரண்டு ஓடியது. அடிபட்ட ஒருவர் பின்பு இறந்துபோனார். யானையைக் குற்றமற்றது என்று சொல்லி அந்தக் குடும்பத்தைத் தேற்ற முடியாது. ஆனாலும் மிரட்சி எங்கே நுழைகிறதோ அங்கே பலம் கொடுமையாகிறது என்பது தெரிகிறது.

அன்புக்கொடி மக்களுக்கு இதில் ஒரு கேள்வி உண்டு. அய்யா பொறுமையைப் போதித்தார். அடிபட்டுக் கிடந்த சனத்திடம் பொறுத்துக்கொள் என்பது, அடிப்பவனுக்கு வசதியான பேச்சாகிவிடாதா? எதிர்க்க வலுவில்லாதவன் வாய்மூடி இருப்பதற்குப் பொறுமை என்று பெயரிடலாமா? இடலாகாது. பயந்து அடங்குவது வேறு. குத்த முடிந்தும் குத்தாமல் நிற்பதே பொறுமை.

சிங்காரத்தோப்பில் அய்யாவைப் புலிக்கூண்டில் விட்ட கதையை அகிலத்திரட்டு சொல்கிறது. பசித்த புலி, பாயும் பலமுள்ள புலி, அய்யாவின் முன் பணிந்து கிடந்தது. அதைப் பல்லில்லாத புலி என்று எவரும் சொல்லவில்லை. பாயக்கூடியது பாயாமல் கிடந்ததாலேயே பார்த்தவர் திகைத்தனர். சேனையும் சிறையும் உள்ள அரசனோ, ஆயுதம் ஏந்தாத பண்டாரத்தைக் கண்டு அஞ்சினான்.

அதனால்தான் அய்யா தம் மக்களிடம் பொறுமையை மட்டும் கேட்டு நிறுத்தவில்லை. தலைகுனிந்தே நடக்கப் பழகியவர்களைத் தலைப்பாகை கட்டி நிமிரச் சொன்னார். இன்றும் ஆண்கள் பதியிலும் நிழல்தாங்கலிலும் தலைப்பாகையோடே நின்று வணங்குகிறார்கள்.