முடிசூட்டலும் சாட்சியும்

1070இல் குலோத்துங்கன் சோழ அரியணை ஏறியதற்கு மூன்று சாட்சியங்கள் இருக்கின்றன. மூன்றும் ஒத்துப்போவதில்லை.

வேங்கி அரச மரபில் பிறந்த அவனுக்குச் சோழ நாட்டில் இளவரசுப் பட்டம் கிடைத்தது, அவன் வடக்கே போர்மேல் போயிருந்தபோது சோழ மன்னன் இறந்தான், நாடு சீர்குலைந்தது, இவன் வந்து முடிசூடி நிலைநிறுத்தினான் - இது கலிங்கத்துப்பரணியில் ஜயங்கொண்டார் சொல்வது. இறந்த வீரராஜேந்திரனுக்கு அதிராஜேந்திரன் என்று ஒரு மகன் இருந்ததையே பரணி சொல்லவில்லை.

காஷ்மீரத்திலிருந்து வந்து சாளுக்கிய ஆறாம் விக்ரமாதித்தனை அண்டி வாழ்ந்த பில்ஹணன் வேறு விதமாகச் சொல்கிறான். தன் அரசன் காஞ்சிக்கும் கங்கைகொண்டசோழபுரத்துக்கும் வந்து, மைத்துனன் அதிராஜேந்திரனை அரியணையில் அமர்த்தித் திரும்பினான். சில நாளில் கலகத்தில் மைத்துனன் மாண்டான். வேங்கியின் ராஜிகன் - குலோத்துங்கன்தான் - அரியணையைக் கைப்பற்றினான்.

மூன்றாவது, குலோத்துங்கனின் மெய்க்கீர்த்தி. திருமகளின் பொதுமையும் காவிரி நிலமகளின் தனிமையும் தீர, அவன் உரிமையோடு மகுடம் சூடினான் என்கிறது அது.

பரணி முகஸ்துதி, பில்ஹணன் வெளியாள், ஆகவே பில்ஹணனே உண்மை என்று முடித்துவிடுவது சுலபம். ஆனால் அவனும் ஒரு அரண்மனையின் சோற்றைத் தின்றவன்தான். ஒரு சாட்சி தனக்குப் பாதகமாகப் பேசும் இடத்தில்தான் அவனை அதிகம் நம்பலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. ராஜிகன் பில்ஹணனுடைய அரசனுக்கு எதிரி. 'அவனே கொன்றான்' என்று எழுதியிருந்தால் யார் தடுத்திருப்பார்கள்? எழுதவில்லை, கலகம் என்கிறான். கலகத்தை மூட்டியது யார் என்பது திறந்தே கிடக்கிறது. மெய்க்கீர்த்தியும் 'தனிமை' என்று சொல்லும்போது, நாதனில்லாத ஒரு இடைவெளியை ஒப்புக்கொண்டுவிடுகிறது. பரணியின் மௌனத்துக்கு எதிராகத் திருவல்லத்தில் அதிராஜேந்திரனின் மூன்றாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு நிற்கிறது. அவன் இருந்தான்.

பொன்னேரியில் ரயிலேறித் திருவொற்றியூரில் இறங்கினால், கோயில் சுவர்களில் குலோத்துங்கன் காலக் கல்வெட்டுகளைப் பார்க்கலாம். ஜெயித்தவனின் பெயர் கல்லில் இருப்பது இயல்பு. அங்கே நின்றுகொண்டிருந்தபோது எனக்கு எங்கள் வீட்டுப் பாகப்பத்திரம் நினைவுக்கு வந்தது.

அதில் சித்தப்பாவின் பெயர் கிடையாது. ஊரைவிட்டுப் போனவர் திரும்பவில்லை. "அவனே வேண்டாம்னு போயிட்டான்" என்பார் அப்பா. அப்பா பொய் சொன்னார் என்று சொல்ல எனக்கு ஆதாரமில்லை. சித்தப்பா என்ன சொன்னார் என்பதை யாரும் எழுதிவைக்கவுமில்லை. அவர் பங்காக இருந்திருக்கக்கூடிய மனையில் எழும்பிய அறையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். ஆகவே இந்த வழக்கில் நான் நீதிபதி அல்ல; மௌனத்தால் லாபமடைந்தவன்.

அப்படிப்பட்டவனுக்கு என்ன கடமை? ஆதாரமில்லாமல் குற்றம் சுமத்துவது நேர்மை ஆகாது. அது இன்னொரு பரணி பாடுவதுதான். ஆதாரமில்லை என்று சொல்லி நிம்மதியாக இருந்துவிடுவதும் நேர்மை ஆகாது. எப்படிப் போனான் என்பதைத் தீர்த்துக்கட்டாமல், இருந்தான் என்பதை மட்டும் விடாமல் சொல்லிக்கொண்டிருப்பது - நமக்குச் சாத்தியமானது அவ்வளவுதான்.

சித்தப்பாவின் பெயரை என் மகனிடம் போன வாரம்தான் முதன்முதலாகச் சொன்னேன்.

"யாருப்பா அது?" என்றான்.