நீங்க விழுந்தா ஆர் சாமி பாய்வாங்க?



கதிர்காமப் பாதயாத்திரை போய்வந்த எங்கட வயசுப் பெடியள் பலர் கேக்கிற கேள்வி இது. முருகனை நம்பிக் காட்டுக்குள்ள இறங்கின பிறகு, பயந்து நிக்கிறது பக்தியில ஒரு குறையா?

எனக்கு இந்தக் கேள்வி வந்தது குமுக்கன் ஆற்றங்கரையில. உகந்தை முருகனைக் கும்பிட்டுப்போட்டு, கூமுனைப் பக்கமா நடந்து, யால காட்டுக்குள்ள போறதெண்டா இந்த ஆற்றைக் கடந்தே ஆகவேணும். திருவிழாக் காலம் அங்க வறட்சிக் காலம், வழக்கமா இறங்கி நடக்கிற அளவுதான் தண்ணி. நாங்கள் போன அண்டைக்கு இடுப்புக்கு மேல ஓடினது. தலைக்கு மேல ஒரு மேகமும் இல்லை. ஆனா தண்ணி மண் நிறத்தில சருகையும் குச்சியையும் அள்ளிக்கொண்டு வந்தது. மேல, ஊவா மலைப்பக்கம் மழை.

கொடியேற்றத்துக்கு முதல் போய்ச் சேருவன் எண்டது என்ர நேர்த்தி, அம்மாவின் ஒப்பரேஷனுக்காக வச்சது. ஒரு நாள் நிண்டா அது தவறும். “முருகன் பாப்பான், இறங்குவம் சாமி” எண்டு முதல் சொன்னதும் நான்தான்.

வேல் தூக்கிவந்த அம்மா என்னைப் பேசவில்லை. “நீங்க விழுந்தா ஆர் சாமி பாய்வாங்க?” எண்டு மட்டும் கேட்டா.

எனக்குப் பின்னால ஏழு பேர். அதில மூண்டு பேருக்கு நீச்சல் தெரியாது. தெரியாதவையும் பாய்ந்திருப்பினம், அதுதான் பிரச்சினை. என்ர உயிரை நான் முருகனிட்ட ஒப்படைக்கலாம். ஆனா என்னைத் தூக்க வாறவர் அந்த நேர்த்தியை வைக்கவில்லையே? என்ர நம்பிக்கைக்கு அவர் ஏன் பிணை நிக்கவேணும்? வெள்ளிக்கிழமை பின்னேரம் நாங்கள் புதுக் கோட் ஏத்துறதில்லை. ராத்திரி எழும்பித் திருத்திறது வேற ஒருத்தரா இருக்கும். ஒஃபிஸில தெரிஞ்ச இந்தச் சின்ன விஷயம் கரையில எனக்கு மறந்துபோச்சு!

நிண்டம். தண்ணி விளிம்பில ஒரு தடியை நட்டு வச்சன். விடிய எழும்பிப் பாத்தா ஆறு அந்தத் தடியை விட்டு நல்லாவே இறங்கி இருந்தது. ஒடுங்கின இடம் கிட்ட மாதிரித் தெரிஞ்சாலும் அங்க ஆழமும் இழுவையும் கூட. அதால ஆறு அகண்டு பரவி ஓடுற இடமாப் பாத்து, வெளிச்சம் நல்லா வந்த பிறகுதான் இறங்கினம் (முதலை இருக்கிற ஆறு). செருப்பைக் கழட்டவில்லை. பையின்ர இடுப்புப் பட்டியைக் கழட்டிவிட்டம், விழுந்தா பை ஆளையும் இழுத்துக்கொண்டு போகக்கூடாது. கையைக் கோத்து, ஊன்றுதடியால நிலத்தைத் தட்டித் தட்டி, அரோகரா சொல்லிக்கொண்டே அக்கரை ஏறினம்.

மாணிக்க கங்கையில முழுகினபோது கொடி ஏறி ஒரு நாள் ஆகியிருந்தது. போனில சொல்ல, அம்மா “அதால என்னடா” எண்டா. அவவுக்கு ஒண்டும் இல்லை. நேர்த்தி நிறைவேறினதா எண்டு எனக்குத்தான் இன்னும் தெரியாது. வாற முறை ரெண்டு நாள் முந்தி வெளிக்கிடுறதா இருக்கிறன். லீவு கேட்டாச்சு.