கடனும் வினையும்



ஏழு தத்துவங்களைச் சிறு வயது முதலே நாம் ஒப்பித்து வருகிறோம். ஜீவன், அஜீவன் என்று தொடங்கி, ஊற்று, கட்டு, செறிப்பு, உதிர்ப்பு, வீடு என்று முடிக்கிறோம். ஜினாலயத்தில் ஒப்பித்த இவ்வேழும் நாம் வீட்டுப் படி ஏறும்போது நம்முடன் வருகின்றனவா? இவற்றுள் செறிப்பையும் உதிர்ப்பையும், நம் குடும்பங்கள் பலவற்றின் உறக்கத்தைக் கெடுத்து வரும் கடன் என்னும் துன்பத்தோடு வைத்துச் சிந்திக்க விழைகிறோம்.

ஏரியை அறியாதார் நம்மில் இலர். அதனை வற்றச் செய்ய வேண்டுமாயின், முதலில் நீர் வரும் காலை அடைக்க வேண்டும். பின்னரே இறைக்க வேண்டும். வரத்துக்கால் திறந்திருக்க, ஊரே கூடி இறைத்தாலும் ஏரி வற்றாது. வரும் வினையைத் தடுப்பது செறிப்பு. வந்து கட்டிய வினையைத் தேய்ப்பது உதிர்ப்பு. சம்வரம் இன்றி நிர்ஜரையால் மட்டும் வீடு எய்தியவர் எவரும் இலர்.

நாம் அறிந்த குடும்பம் ஒன்று உண்டு. செய்யாற்றுப் பக்கத்துச் சிற்றூர். இரண்டு ஏக்கர் நிலம். ஒரு கறவை மாடு. இல்லத்தலைவர் நெல் மண்டியில் கணக்கு எழுதுபவர். ஊரார் கணக்கையெல்லாம் பிழையின்றி எழுதிய அவர், தம் வீட்டுக் கணக்கை மட்டும் எழுதவில்லை. மகளின் திருமணத்திற்கென ஒரு லட்சம் ரூபாயை இரண்டு ரூபாய் வட்டிக்குப் புரோநோட்டு எழுதி வாங்கியிருந்தார். மனைவியின் நகை கூட்டுறவு வங்கியில் இருந்தது. விதவையான அத்தை ஒருவரிடம் வாங்கியது தனி. அதற்குச் சீட்டும் இல்லை, வட்டியும் இல்லை. நகை அடகில் இருப்பதை மட்டுமே மனைவி அறிவார். மற்றவை அவருடைய நெஞ்சுக்குள் இருந்தன.

செய்த குற்றத்தைக் குருவின் முன் மறையாது உரைப்பதை ஆலோசனை என்கிறோம். பாதியைச் சொல்லிப் பாதியை ஒளிப்பது மாயைக் கஷாயம். கடன்பட்ட இல்லங்களில் முதலில் நிகழ வேண்டியது இவ்வாலோசனையே. ஒரு சதுர்த்தசி நாளில், இருட்டுமுன் உணவு முடித்த பின், அவர் மனைவியையும் மகனையும் அமர்த்தி எல்லாவற்றையும் சொன்னார். அன்றிரவு அவ்வீட்டில் அழுகையும் கோபமும் இருந்தன. இராமலா போகும்? கணவன் ஒளித்த கடனுக்காக மனைவி சினப்பதை நாம் குரோதம் என்று எளிதில் ஒதுக்கிவிட மாட்டோம். ஆயினும் மறுநாள் காலையில் மகன் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி வந்தான்.

அந்நோட்டில் எழுதியபோதுதான் உண்மை வெளிப்பட்டது. மாதம் 2,000 ரூபாய் வட்டியாக, நான்கு ஆண்டு இரண்டு மாதம் தவறாது செலுத்தியிருக்கிறார். ஐம்பது மாதங்களில் கொடுத்தது முழுதாக ஒரு லட்சம். அசலில் ஒரு ரூபாயும் குறையவில்லை!

இவ்விடத்தில் ஆன்றோர் வகுத்த நுட்பம் ஒன்றை நினைவு கூர்வோம். உதிர்ப்பு இருவகைப்படும். வினை தானே பக்குவமாகிப் பயன் தந்து உதிர்வது சவிபாக நிர்ஜரை. அது எல்லா உயிர்க்கும் நிகழ்வது. அதனால் பிறவி அறுவதில்லை, ஏனெனில் பழையது உதிரும்போதே புதியது கட்டுகிறது. தவத்தால் வினையை அதன் காலத்துக்கு முன்னரே உதிர்ப்பது அவிபாக நிர்ஜரை. மரத்தில் தானே கனியும் மாங்காய்க்கும், வைக்கோலில் வைத்துக் கனிவிக்கும் மாங்காய்க்கும் உள்ள வேறுபாடு போன்றது இது. வட்டியை மட்டும் கட்டி வருவதும், ஆண்டுதோறும் வட்டி செலுத்தி நகையை மறு அடகு வைப்பதும் சவிபாகத்தை ஒத்தவை. எத்தனை ஆண்டு கட்டினாலும் கட்டு அறாது.

அவ்வில்லத்தார் மாதம் 2,000 என்பதை 4,000 ஆக்கத் துணிந்தனர். கூடுதலாகச் செலுத்தியது அசலில் கழிந்துகொண்டே வந்தால் முப்பத்தைந்து மாதங்களில் கடன் தீரும். மண்டிக் கணக்கர் ஆகையால் இதனைப் பைசா சுத்தமாகப் போட்டுப் பார்த்தார். முன்பு ஐம்பது மாதம் கட்டியும் அசையாத கடன் அது. செலுத்தும் ஒவ்வொரு முறையும் புரோநோட்டின் பின்புறத்தில் வரவு எழுதிக் கையொப்பம் பெற்றனர். இதனை அனைவரும் கைக்கொள்ள வேண்டும். கடன் தீர்ந்த அன்றே நோட்டைத் திரும்பப் பெறுவதும் அவ்வாறே. கந்து வட்டி, மீட்டர் வட்டி போன்ற கொடிய வட்டிகளைத் தடுக்க 2003ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துள்ளது. அத்தகைய பிடியில் சிக்கியோர் அஞ்சி ஒடுங்க வேண்டியதில்லை.

கூடுதல் 2,000 ரூபாய் எங்கிருந்து வந்தது? போகோபபோக பரிமாணம் என்னும் விரதத்திலிருந்து வந்தது என்றே சொல்வோம். நுகர் பொருளுக்கு அளவு வகுத்தனர். மளிகைக் கடையில் கணக்கு வைத்து வாங்குவதை நிறுத்தினர். கைக்காசுக்கு வாங்கும்போது தேவையற்ற பொருள் வீட்டுக்குள் வருவதில்லை. தவணைக்கு எதுவும் வாங்குவதில்லை என்று மகன் நியமம் ஏற்றான். அவன் வண்டி வாங்க எண்ணியிருந்தவன் என்பதையும் சொல்ல வேண்டும். உறவினர் திருமணங்களுக்கு வாடகைக் கார் போய்ப் பேருந்து வந்தது. திக்விரதம் இக்காலத்திற்கு உதவாது என்போர் இதனைக் கருதுக! கறவை மாட்டின் பால் விற்ற காசில் சிறு பகுதி ஒரு மண் உண்டியலில் விழுந்தது. நோய் வந்தால் மீண்டும் கடன் வாசலுக்குப் போகாமல் இருப்பதற்கு. குழந்தைகளின் உணவிலும் முதியோர் மருந்திலும் கை வைத்துச் சேமிப்பதை நாம் தவம் என்னோம். தவமும் தியாகமும் சக்திக்கேற்ப என்பதே பதினாறு பாவனைகளில் கூறப்படுவது.

மனைவிக்கு முதலில் நகையை மீட்க வேண்டும் என்றிருந்தது. வெறுங்கழுத்தோடு கல்யாண வீட்டில் நிற்பது அவருக்குக் கடினமாக இருந்தது. வங்கி வட்டியோ குறைவு. புரோநோட்டு வட்டியோ ஆண்டுக்கு நூற்றுக்கு இருபத்து நான்கு. மிகுதியாக எரிவதை முதலில் அணைப்பதே அறிவு. அவ்வம்மையார் மூன்று ஆண்டுகள் மஞ்சள் கயிற்றோடு வந்து நின்றார். மானக் கஷாயத்தை வெல்வது பற்றி நாம் மணிக்கணக்கில் உரையாற்றுகிறோம். அவர் ஒன்றும் பேசாமல் செய்து காட்டினார்.

2021ஆம் ஆண்டில் கூட்டுறவு வங்கிகளில் ஐந்து சவரன் வரையிலான நகைக்கடன்கள், தகுதியுடையோர்க்குத் தள்ளுபடி செய்யப்பட்டன. பெற்றவர் பெற்றது நன்று. ஆனால் அடுத்த தள்ளுபடியை எதிர்பார்த்தே கடன் வாங்குவோரைக் காணும்போது வருந்துகிறோம். வினையைத் தள்ளுபடி செய்யும் கடவுளை நம் நெறி கூறவில்லையே!

தானம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பஞ்ச கல்யாண விழாவுக்குக் கடன் வாங்கிக் காணிக்கை எழுதுவோர் உளர். இதனைச் சொன்னால் ஆலயப் பணிக்கு இடையூறு என்று சிலர் நம்மைக் கடிந்து கொள்ளக்கூடும். தத்துவார்த்த சூத்திரம் தானத்திற்கு இலக்கணம் கூறுகையில், தன்னுடையதை ஈதல் என்றே கூறுகிறது. வட்டிக்கு வாங்கியது நம்முடையது அன்று. கடன் தீரும்வரை பூஜைக்கு ஒரு கை மலரும், ஆலயத் திருப்பணிக்கு உடலுழைப்பும் தருவதில் குறைவொன்றும் இல்லை.

புரோநோட்டுக் கடன் தீர்ந்தது. பின்னர் நகையும் மீண்டது. எஞ்சியது அத்தையின் கடன். நோட்டில் 40,000 என்று இருந்தது. கொடுக்கச் சென்றபோது அம்மூதாட்டி, “முப்பதாயிரம் தானேப்பா, மெல்லக் கொடு” என்றார். சீட்டு இல்லை, சாட்சி இல்லை, வீட்டில் காசும் இல்லை.

வைத்தவர் மறந்து குறைத்துக் கேட்கும்போது, ஆம் என்று அதை மட்டும் கொடுத்து மிச்சத்தை வைத்துக்கொள்வது நியாஸாபகாரம். இதனை ஆசாரியர்கள் கள்ளாமையின் அதிசாரங்களில் சேர்க்காமல், வாய்மையின் அதிசாரங்களில் சேர்த்திருப்பது எண்ணத்தக்கது. அங்கே கை எதையும் எடுப்பதில்லை. ‘ஆம்’ என்னும் ஒரு சொல்லே போதும்.

அவர் திகைத்து நின்றார். உடன் சென்றிருந்த மகன், “இல்லை பாட்டி, நாற்பது. அப்பா எழுதி வைத்திருக்கிறார்” என்று நோட்டைப் பிரித்துக் காட்டினான். அம்மூதாட்டிக்குக் கண் சரியாகத் தெரியாது. எழுத்தின்மேல் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, “அவ்வளவா கொடுத்தேன்?” என்று சிரித்தார். மாதம் இரண்டாயிரமாக இருபது மாதம் என்று பேசி முடித்தார்கள். ஒவ்வொரு மாதமும் சதுர்த்தசியன்று, ஆலயம் சென்று திரும்பும் வழியில், மகனே கொண்டு போய்க் கொடுத்து வருகிறான்.